என் சாவுக்கு உங்கள் அம்மா வாங்கிய விருது

பசங்களா, அலமாரியில் இருக்கும் கேடயத்தை எடுத்து விளையாடுகிறீர்கள். அது எப்படி வந்தது என்று அம்மாவைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நம் குட்டி யானை வண்டியில் நான் வாடகை நாற்காலியும் ஷாமியானாவும் ஏற்றுகிறவன். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சுத்துக்கேணியில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். எடுத்தவர்கள் புதுச்சேரிப் பிள்ளைகள், அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். அன்று ஒரு சாவு வீட்டுக் காட்சி. பந்தலும் நாற்காலியும் என் வண்டியில் போயின. மத்தியானச் சாப்பாடு உங்கள் அம்மா சமையல்.

பந்தல் போட்டாயிற்று, மேளக்காரர்கள் வந்தாயிற்று, பிணம்தான் இல்லை. ஊரில் யாரும் படுக்கச் சம்மதிக்கவில்லை. "உசுரோட இருக்கும்போது எவன்பா நெத்தியில காசு வெச்சிக்குவான்" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். டைரக்டர் தம்பி என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணே, சும்மா படுத்தா போதும். மூச்ச மட்டும் மெதுவா வுடுங்க."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படுத்தேன். நெற்றியில் காசு வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

மனைவியாக நடிக்க வந்த பெண் புதிதாகக் கல்யாணம் ஆனவள். பொட்டை அழித்துத் தாலியைக் கழற்ற வேண்டும் என்றதும் அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் உங்கள் அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"படுத்திருக்கறது எங்க வூட்டுக்காரரு. அவருக்கு இன்னொருத்தி வந்து அழுவணும்னா, நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

ஒரு நிபந்தனை போட்டாள். பொட்டை அழித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொள்வாள். தாலியைக் கழற்ற மாட்டாள், ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்வாள். டைரக்டர் சரி என்றான்.

எழுதிக்கொடுத்த வசனம் எதையும் அவள் பேசவில்லை. என் நெஞ்சில் அடித்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். "நேத்து கொழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தள்ளினியே, இனிமே யாருய்யா எனக்குக் குத்தம் சொல்லுவா? வண்டி சத்தம் கேட்டப்பறம்தான் தோசக்கல்லு வெப்பேன். இனிமே எந்த சத்தத்துக்கு வெக்கறது?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நடிப்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேமரா பிடித்த பையன் மெதுவாக, "சார், பொணம் அழுவுது" என்றான். என் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். அவள் மறுபடியும் அப்படியே அழுதாள். குழம்புக்குப் பதிலாகக் கருவாட்டைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நம் பக்கத்தில் குறும்படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து விருது விழா வைத்தார்கள். அதுதான் அவர்களுக்கு முதல் விழா. வில்லியனூரில் கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். சிறந்த துணை நடிகை உங்கள் அம்மா என்று போன் வந்தது. அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

செய்தி பண்டசோழநல்லூருக்கு, உங்கள் அத்தை காதுக்குப் போனது. அம்மா அப்பா இல்லாத எனக்கு முன்நின்று கல்யாணம் பண்ணிவைத்த அக்கா அவள். அவள் பேச்சை நம் வீட்டில் யாரும் தட்டியதில்லை. பஸ் பிடித்து வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி, என் தம்பி கல்லு மாரி இருக்கான். அவனுக்கு ஒப்பாரி வெச்சி, தாலியயும் கழட்டிட்டு, அதுக்கு மெடலு வேறயா? நாலு பேரு முன்னாடி மேடை ஏறினேன்னா, இந்த வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

"தாலிய அவ கழட்டவே இல்லக்கா" என்றேன்.

"நீ பொண்டாட்டிக்குத்தான் பேசுவே. வாய மூடு."

அவள் போனபிறகு உங்கள் அம்மா சொன்னாள், "படத்தப் பாக்க வரேன். மேடைக்கு மட்டும் கூப்புடாதீங்க. அண்ணி வராத வூடு இன்னா வூடு." சொன்னாளே தவிர, பட்டுப்புடவையை எடுத்துக் காற்றாடப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் மனசு கேட்கவில்லை.

விழா அன்று வண்டியை எடுத்துக்கொண்டு பண்டசோழநல்லூர் போனேன். "ஒரே ஒரு தடவ படத்தப் பாருக்கா. பாத்துட்டும் தப்புன்னு சொன்னீன்னா, மேடையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"திட்டறதுக்குத்தான் வரேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். விளக்கை அணைத்துத் திரையில் காட்டினார்கள். மூக்கில் பஞ்சோடு நான் கிடந்தேன். சிலர் சிரித்தார்கள். உங்கள் அம்மா குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. தோசைக்கல் வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். அவள் என் நெஞ்சில் சாய்ந்து அழுகிறாள், வெள்ளைப் புடவை தோளிலிருந்து நழுவுகிறது. பின்கழுத்தில் மஞ்சள் கயிறு. அவ்வளவு பெரிய திரையில் அது தாம்புக்கயிறு மாதிரி தெரிந்தது.

"டேய், கயிறு தெரியுதுடா. இதப் போய் வெட்டாம வுட்டுட்டானுங்க" என்று பின்னால் ஒரு பையன் சொன்னான்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "தம்பி, கயிறு இருக்குதுடா" என்றாள்.

விளக்கு வந்தது. மேடையில் உங்கள் அம்மா பேரைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். அக்கா விறுவிறுவென்று வாசல் பக்கம் போனாள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வரவேற்பு மேசையில் இருந்த குங்குமக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். உங்கள் அம்மா முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள். தாலியை வெளியே எடுத்து அதற்கும் வைத்தாள்.

"இப்ப போய் வாங்கிட்டு வாடி."

பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ பொணமா படுத்தே, நானே கொள்ளி வெச்சிடுவேன்" என்றாள்.

உங்கள் அம்மா மேடை ஏறினாள். கேடயத்தைக் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். "அழுதது மட்டும்தான் நானு. பொறுமையா படுத்திருந்தது அவரு" என்று சொல்லிவிட்டு இறங்க வந்தாள். மண்டபமே கை தட்டியது. அக்காவும் தட்டினாள். நாற்காலி ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவனின் மனைவிக்கு, அந்த ஊர் அப்படித் தட்டியது.

என்னால் தட்ட முடியவில்லை. சின்னவன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான், இரண்டு கையாலும் அவனைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் காலையில், விழாவுக்கு நான் வாடகைக்குப் போட்டிருந்த நாற்காலிகளை எடுத்துவர மண்டபத்துக்குப் போனேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே யாரும் இல்லை. மேடைக்கு எதிரே, நான் நின்ற இடத்தில் போய் நின்றேன். கை வலிக்கும்வரை தட்டினேன். அப்புறம் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.