யார்மேல் யார் சாய்ந்தது

1. ஐப்பசி மழையில் முஸ்லிம் தெருவில் ஒரு மாடி வீட்டின் பின்சுவர் விரிசல் விட்டது.
2. அந்தச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. தெருவில் இருந்த இந்துக் குடும்பங்கள் ஆலைப் பக்கம் குடிபோய்விட்டன. கோயில் மட்டும் மிச்சம்.
3. சுவரைப் பிரித்துக் கட்டச் சொல்லி எங்கள் பொதுப்பணி அலுவலகம் உத்தரவு போட்டது.
4. கோயிலை எடுத்தால்தான் சாரம் கட்ட இடம் இருக்கும் என்று கொத்தனார் சொன்னார்.
5. அளந்து வரைபடம் போட என்னை அனுப்பினார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வரைபட வேலைக்கு வந்த பெண் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் சைகோனில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வீட்டுப் பொறுப்பு முழுக்க அவர் மனைவியிடம். நான் போனபோது அந்த அம்மாள் வாசலில் நின்று, மீன் கூடையோடு வந்தவளிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வீராம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வருகிறவள். கோயிலுக்குத் தினமும் எண்ணெய் ஊற்றுவது அவள்தான்.

"உன் சுவரு ஒடைஞ்சா எங்க ஆத்தாள வெளிய தள்ளுவியாக்கா?"

"ஏண்டி, உங்க ஆத்தா எத்தினி காலமா என் சுவத்துல சாஞ்சிக்கினு குந்தியிருக்கா! வாடகைன்னு ஒரு மீனு குடுத்திருப்பியா?"

"நேத்து சங்கரா குடுத்தேனே?"

"அதுக்குத்தான் காசு வாங்கிக்கினியே!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எம் மவ கைப்புள்ளையோட அந்தச் சுவத்த ஒட்டுன ரூம்புலதான் படுக்குறா. மச்சு வுழுந்தா நீ வந்து தூக்குவியாடி?"

மீன்காரி கூடையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடிக்குப் போய்ச் சுவர் உச்சியிலிருந்து கோயில் பக்கமாக நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினேன். சுவர் உட்பக்கம் சரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கீழே வந்து பார்த்தால் நூலுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. சுவர் கோயிலை நோக்கிச் சாய்ந்திருந்தது. கருவறையின் கருங்கல்லைத் தொட்ட இடத்தில் அப்படியே நின்றிருந்தது. கல்லுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காகிதத்தைச் செருகப் பார்த்தேன். போகவில்லை. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே அம்மன் முழங்கால் உயரம்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடி வீட்டின் பாரம் அத்தனையும் அந்தச் சின்ன இடத்துக்குப் பின்னால் வந்து நின்றிருப்பதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "கோயில எடுத்தா சுவரு நிக்காதும்மா. இந்தக் கல்லு இல்லன்னா இந்த மழையிலயே மச்சு வந்திருக்கும்."

அந்த அம்மாள் நூலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "யா அல்லா! அப்போ நாங்கதான் அவமேல சாஞ்சிக்கினு இருக்கமா?"

"இனிமே வாடகைய நீ குடுக்கா" என்றாள் மீன்காரி.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அன்றைக்கே மகளையும் குழந்தையையும் முன்கட்டுக்கு மாற்றினார். கொத்தனாரிடம், "கோயில்ல கை வைக்காதீங்க" என்றார்.

பழைய வெள்ளைக்காரர் வீடுகளில் உள்ளதுபோல, கூடத்தின் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள் ஓடி, பின்சுவரை எதிர்ச்சுவரோடு இழுத்துக் கட்டுவதாக வரைந்தேன். அதிகாரி ஒப்புக்கொண்டார், உத்தரவு மாறியது.

இப்போது கம்பிகள் கூடத்தில் தலைக்குமேல் ஓடுகின்றன. ஒன்றில் பேரக் குழந்தையின் துணிகள் காய்கின்றன. வெளிப்பக்கம், கோயிலுக்குமேல், கம்பியை இறுக்கிய இரும்புத் தட்டு இரண்டுக்கும் மீன்காரி குங்குமம் வைத்திருக்கிறாள். சுவர் அதன்பின் அசையவில்லை. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.