ஒல்லிக்குண்டு எழுத்து

டிசைன் கடை வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும்: அடுத்தவன் அடிச்ச போஸ்டரைப் பாத்துக்கிட்டே பஸ்ல போறதுதான் நம்ம தொழில்ல பெரிய தண்டனை.

2006 வாக்குல எனக்குச் சிதம்பரத்துல கடை. கடலூர்ல செல்வம்னு ஒருத்தன். அவனும் டிசைன் கடைதான். அவன் கம்ப்யூட்டர்ல மட்டும் பழைய சினிமா போஸ்டர் எழுத்து மாதிரி ஒரு ஃபான்ட் இருந்துச்சு. நெட்டையா, நெருக்கமா, கோடு மட்டும் நல்ல கனம். ஜனங்க அதுக்கு வச்ச பேரு ஒல்லிக்குண்டு. அவன் முகத்தைக்கூட நான் பாத்ததில்ல, ஆனா அவனை எனக்குப் பிடிக்காது.

ஒரு அப்பா, ரெண்டு வரி

சேத்தியாத்தோப்புலேர்ந்து ஒருத்தர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட வந்தாரு. அவங்கப்பா பேரு தட்சிணாமூர்த்தி. ஒல்லிக்குண்டா இருந்தா ஒரே வரியில கம்பீரமா நின்னுருக்கும். என் எழுத்து அகலம் ஜாஸ்தி. ‘தட்சிணா’ மேல, ‘மூர்த்தி’ கீழன்னு போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு.

“எங்கப்பா ஒரு ஆளுதாங்க. ரெண்டு பேரு செத்த மாதிரி போட்டிருக்கீங்க.”

அமுக்கிப் பாத்தேன்

அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்குன்னு, என்கிட்ட இருந்த தடி எழுத்தைப் பக்கவாட்டுல பாதியா அமுக்கினேன். நெட்டுக்கோடெல்லாம் மெலிஞ்சு போச்சு. விடுவேனா? சுத்தி அவுட்லைன் குடுத்துக் குண்டாக்கினேன். சுழியெல்லாம் அடைச்சிக்கிட்டு, ண எது ன எதுன்னே தெரியல. கபடிப் போட்டி போஸ்டரு அது. வாங்க வந்த டீம் கேப்டன் தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தான்.

“கபடி ஆடுறது நாங்கண்ணே, எழுத்துக்கு ஏன் மூச்சு முட்டுது?”

மச்சான் கல்யாணம்

என் பொண்டாட்டியோட தம்பிக்கு வடலூர்ல கல்யாணம். மாமா கடையிலதான் பேனர்னு வீட்டுல பேச்சு. மச்சான் மட்டும், “அந்தக் கடலூர் எழுத்து உங்ககிட்ட இருக்கா மாமா?”ன்னு இழுத்தான். வீட்டு விசேஷத்தையே செல்வம் கொண்டு போயிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பந்தியில உக்கார்றது? மானத்தை மூட்டை கட்டிட்டுக் கடலூர் போனேன். செல்வம் டீ வாங்கிக் குடுத்து, எழுத்தை சிடியிலயும் போட்டுக் குடுத்தான். கொஞ்சம் பிகு பண்ணியிருந்தாக்கூட என் வயிறு அவ்வளவு எரிஞ்சிருக்காது.

அப்பல்லாம் தமிழ் ஃபான்ட் ஒவ்வொண்ணுக்கும் கீபோர்டு முறை வேற. ஒண்ணுல அடிச்சதை இன்னொண்ணுக்கு மாத்தினா அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாக் கொட்டும், திரும்ப அடிக்கணும். மாப்பிள்ளை, பொண்ணு பேரைத் திரும்ப அடிச்சேன். ஆகா, என்னா அழகு! அந்த மயக்கத்துல அடிவரியும் மாறிக் கெடக்குறதைப் பாக்கல. மண்டபத்துல பொண்ணோட அப்பா தன் பேரைத் தேடிக்கிட்டு நின்னாரு. அந்த எடத்துல ரெண்டு அடைப்புக்குறியும் மூணு கேள்விக்குறியும் இருந்துச்சு. அவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. அதுக்குள்ள ரெண்டு பேரு என் பேனரை அவுத்துட்டு வேற ஒண்ணைக் கட்டினாங்க. அதே எழுத்து, ஒரு பிழை இல்ல. மாலையும் கழுத்துமா மச்சான் என் காதுகிட்ட குனிஞ்சான்.

“ஒண்ணும் நெனச்சுக்காதீங்க மாமா, எதுக்கும் இருக்கட்டும்னு செல்வத்துக்கிட்ட ஒண்ணு போட்டு வச்சிருந்தேன்.”

ரெண்டு பேனர்லயும் ஒரே எழுத்துதாங்க, வயித்தெரிச்சல் மட்டும் எனக்குத் தனியா.