பன்னிரண்டு ட்ரேக்களும் ஒரு சாவியும்

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘முந்தாநாள்’. ஒரு நாள் முன்னால் சமைப்பவளை இரண்டு நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். கேலிக்கு ஏது கணக்கு? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. நானூறு பேருக்குப் பயறும் இறைச்சியும் சேர்த்த குழம்பைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் இறக்கினால் பயறு ஒரு பக்கம் பார்க்கும், இறைச்சி இன்னொரு பக்கம் பார்க்கும். ஒரு நாள் கிடந்தால்தான் இரண்டும் சமாதானமாகும். பத்தொன்பது வருடமாக அவள் அப்படித்தான் சமைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு தப்பு செய்திருந்தாள். கொதிக்கக் கொதிக்க இறக்கிய குழம்பை அண்டாவோடு மூடிக் குளிரறையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள். மேலே சில்லென்று இருந்தது, நடுவயிற்றில் விடியவிடிய சூடு குந்தியிருந்தது. மறுநாள் ஐம்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு வார்டாகப் போய் நான்தான் காரணம் என்று சொன்னாள். ஒரு கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முதுகை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு அகல ட்ரேக்கள், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் குழம்பு கிடையாது.

புது மேனேஜருக்கு இதெல்லாம் ஏறவில்லை. வந்த வாரமே ‘இன்றைய சமையல் இன்றே’ என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“வாயை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க அண்ணி. நமக்கு எதுக்கு வம்பு?” என்றாள் கூடவே வேலை செய்யும் நாத்தனார். கால் தள்ளாடும் மேசையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தலையே போனாலும் போடமாட்டேன்.”

தலைமை அலுவலகத்து ஆட்கள் சாப்பிட வரும் நாளுக்கு முந்தின மதியம், ஊரறிய அடுப்பைப் பற்றவைத்தாள். மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு யாராவது ஒருத்தர் குறை சொன்னாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

“சரி சார்,” என்றாள் அவள், கிளறுவதை நிறுத்தாமல். மாலையில் ட்ரேக்களை ஆவி அடங்குமுன்பே குளிரறைத் தட்டுகளில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனாள்.

காலை ஒன்பது மணிக்கு வந்து, மேனேஜரிடம் குளிரறைச் சாவியை வாங்கித் திறந்தால் தட்டு முழுக்கக் குளிர்பானமும் கேக் பெட்டியும். ட்ரேக்களைக் காணோம். மூலையில் மூடிபோட்ட இரண்டு அண்டாக்கள். நீளக் கரண்டியை அடிவரை விட்டு எடுத்தாள். வெதுவெதுவென்றிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் கரண்டியைக் காட்டினாள்.

மேனேஜர் பூசி மெழுகினார். “விருந்தாளிங்க ஐட்டத்துக்கு இடம் வேணும்னு நான்தான் ஊத்தச் சொன்னேன். நல்லா கொதிக்க விட்டா எல்லாம் சரியாயிடும். பன்னெண்டு மணிக்குப் பரிமாறணும்.”

அவள் ஒரு கிண்ணம் நிறைய மொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

“ராத்திரி முழுக்கச் சூட்டுல கிடந்த விஷம் கொதிச்சாலும் போகாது சார். இருந்தாலும் கொதிக்க வெச்சுத் தர்றேன். முதல் கிண்ணம் நீங்க குடிங்க.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

இரண்டு அண்டாவையும் அவர் கண்முன்னாலேயே கொட்டினாள். நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள். அடுத்த சமையலுக்கென்று ஊறிக்கொண்டிருந்த பயறும், வெட்டிவைத்த இறைச்சியும் இருந்ததால் பிழைத்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கேன்டீன் வாசலில் தானே போய் நின்றாள்.

“சாப்பாடு ரெண்டரைக்குத்தான். கெட்டுப்போனதைக் கொட்டிட்டேன். இப்போதைக்கு ரொட்டியும் டீயும் இருக்கு. கோவம் இருந்தா என்கிட்ட காட்டுங்க.”

“பசி உயிர் போகுதுக்கா. இதுக்கா உங்களை வெச்சிருக்காங்க?” என்றார் வரிசையில் நின்ற ஒரு வெல்டர்.

விருந்தாளிகளும் அதே வரிசையில் ரொட்டியோடு நின்றார்கள். இரண்டரைக்கு வந்த குழம்பில் பயறு இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் ஒருவர் வயிறும் கெடாது.

பாத்திரம் கழுவி முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“குறை வந்துடுச்சு சார். வெல்டர் சொன்னது உங்க காதுலயும் விழுந்திருக்கும். போகச் சொல்றதுன்னா இப்பவே சொல்லுங்க. இருக்கச் சொன்னா குளிரறைச் சாவி என்கிட்டதான் இருக்கணும்.”

அவர் மேசையில் இல்லாத எதையோ கொஞ்ச நேரம் தேடினார்.

“நாளைக்கு என்ன சமையல்?” என்றார் கடைசியில்.

“காலையிலயே வேற பயறு ஊறப் போட்டாச்சு. இறைச்சிதான் தீர்ந்துபோச்சு, காய் போட்டுப் பண்றேன். இப்ப அடுப்புல ஏத்தணும்.”

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏப்ரனைக் கட்டியபடியே சமையலறைக்கு வந்தாள். சுவரில் இருந்த தாளை, கிழியாமல், நிதானமாகப் பெயர்த்தெடுத்தாள். நான்காக மடித்து, தள்ளாடுகிற மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள்.

“இப்ப நறுக்கிப் பாரு,” என்றாள் நாத்தனாரிடம். மேசை ஆடவில்லை.