முள் என்று நான் படித்த அட்டை

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதை உண்டு. காலையில் நடக்கிறவர்கள் அதில்தான் நடப்பார்கள். பங்குனியில் அங்கே என்ன பூக்கும், எந்தப் பறவை எங்கே உட்காரும் என்று என்னைக் கேட்டால் போதும். ஆவாரை, நெருஞ்சி, தும்பை, மணலில் ஊதாவாகப் படரும் அடப்பங்கொடி. மற்றவர்கள் போனில் படம் எடுத்துப் பெயர் தேடுவதற்குள் நான் சொல்லிவிடுவேன். அவர்களோடு வரும் ஒரு டீச்சரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதை நோட்டில் எழுதிக்கொள்வார். "அம்மாகிட்ட கேட்டுட்டுதான் எழுதுவேன்" என்பார். அந்தப் பெருமை எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

எழுத்து மட்டும் எனக்கு அரைகுறை. இரண்டாம் வகுப்போடு சரி. இதையும் நான் சொல்ல, மருமகள்தான் எழுதுகிறாள். முதல் எழுத்தைப் பார்ப்பேன், மீதியை ஊகிப்பேன். ஒருமுறை திருவான்மியூர் என்று நினைத்துத் திருவல்லிக்கேணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் கேட்டபோது, அங்கேதான் போகிறேன் என்று டிக்கெட் வாங்கி, இறங்கி, பெருமாளையும் சேவித்துவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை, பாதையோரச் சரளை மேட்டில் ஒரு அட்டை நட்டிருந்தார்கள். கையெழுத்து. 'மு' தெரிந்தது, 'உள்ளது' தெரிந்தது. முள் உள்ளது என்று எடுத்துக்கொண்டேன். நெருஞ்சிக்குப் பயந்தவளா நான்? மேட்டின் மறுபக்கம் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. சிவனுக்கு ஆகிற பூ. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளினேன்.

தலைக்கு மேலே ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே சுற்றியது. அந்தப் பாதைக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேன் குரல் கொடுத்தான்.

"இன்னா ஆயா, அது உன்னாண்ட சண்டை போட்டுக்கினு கீது?"

"வாடகை கேக்குது நைனா."

"அட்டை வச்சிக்கீறாங்களே, படிச்சியா?"

"படிச்சேன், படிச்சேன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன். எழுந்து வரும்போது இரண்டு காக்கை மேட்டில் இறங்கின.

மறுநாள் டீச்சரம்மா கையில் உடைந்த முட்டை ஓடுகளோடு நின்றார். அட்டையைக் காட்டி எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார்: "முட்டை உள்ளது. நுழையாதீர்." தாய்ப் பறவையை யாரோ வெகுநேரம் முட்டைமேல் உட்கார விடவில்லை, அதற்குள் காக்கை தின்றுவிட்டது என்றார். ஆட்காட்டி வெறும் தரையில், கல்லோடு கல்லாகத்தான் முட்டையிடும் என்று அவருக்குச் சொன்னதே நான்தான். அது கத்தியபோது எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. கண்ணெல்லாம் பூவில் இருந்தது.

"நாயை உள்ளே விட்டியா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"கவனிக்கல மேடம்" என்றான்.

ஆளுக்கு ஒன்று சொல்லித் திட்டினார்கள். அவன் வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் டீச்சரம்மாவிடம் போய், "நான்தாம்மா உள்ளே போனேன். கண்ணு சரியாத் தெரியல" என்றேன். அப்போதும் பாதிதான் சொன்னேன்.

"போன வாரம் அக்கரையில இருந்த மீன்கொத்தியை நீங்கதானே காட்டினீங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"கண்ணு நல்லாத்தான் கீது. படிக்கத்தான் வராது. முள்ளுன்னு நினைச்சுட்டேன்."

வெளி மனுஷர் ஒருவரிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"அன்னிக்கே என்னாண்ட கேட்டிருந்தா படிச்சிச் சொல்லியிருப்பேனே ஆயா" என்றான்.

அவன் கேலி செய்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.