தனிஸ்லாஸும் நாலாவது ஆபீசரும்

சனிக்கிழமைதோறும் பிற்பகல், மதராஸ் பஸ் புறப்படும் நேரத்துக்குத் தனிஸ்லாஸ் நிலையத்தில் நிற்கிறார். அவர் எங்கும் போகப்போவதில்லை. வெள்ளை டிரில் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு, தம் அலுவலகத்து ஆபீசர் கையில் என்ன கொண்டுபோகிறார் என்று மட்டும் பார்க்கிறார். தோளில் பை என்றால் முகம் மலர்ந்துவிடும். திங்கட்கிழமை ஆள் திரும்பி வந்துவிடும். இரும்புப் பெட்டியும் படுக்கைச் சுருளும் பஸ் கூரைமேல் ஏறினால் கதை முடிந்தது. "பொட்டி மேல ஏறிடுச்சா? அவ்ளோதான், ஆளு நம்ம ஆளு இல்ல" என்பார்.

உப்பளம் என்கிற பேட்டையில், கை கால் இழந்தவர்களையும் கண் தெரியாதவர்களையும் ஒரு வேலையில் அமர்த்தும் சர்க்கார் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் நிர்வாகி தனிஸ்லாஸ். பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்; ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிறபடி ஊரார் இன்னும் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். கொடி மாறியதும் நாற்பத்தெட்டு வயதில் இங்கிலீஷ் படித்துக்கொண்டவர். நான் அங்கே டைப்ரைட்டர் பழுதுபார்க்கப் போகிறவன். ஒரு மிஷினில் பிரெஞ்சு எழுத்து வரிசை, இன்னொன்றில் இங்கிலீஷ் வரிசை. இரண்டிலும் மாறி மாறித் தட்டித் தட்டி, அவர் விரல்கள் எந்த அரசாங்கம் என்று தெரியாமல் தடுமாறும்.

அந்த அலுவலகத்தில் முக்கியமானவர் அவர் இல்லை. வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறிகிற ஆபீசர்தான் முக்கியம். ஜனங்கள் அவரை 'யோசனை ஆபீசர்' என்கிறார்கள். அதற்கென்று படித்துப் பட்டயம் வாங்கியவர் வேண்டும். உள்ளூரில் ஆள் இல்லை, மதராஸிலிருந்துதான் வரவேண்டும். வந்தார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் போனார்கள்.

அவர்களைப் பிடித்துவைக்க மனிதர் பட்ட பாடு கொஞ்சமில்லை. விளம்பரத்தில் 'மாலையில் நல்ல கடற்காற்று உண்டு' என்று ஒரு வரி சேர்த்தார். மேலிடம் அதை அடித்துவிட்டது. புதிதாக வந்தவரிடம், "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் பீரோவுக்கு வந்துடுங்க" என்றார். பீரோ என்றால் பிரெஞ்சில் அலுவலகம். அந்த மனிதர் ராத்திரியெல்லாம், எந்த அலமாரிக்கு எதற்காகப் போகவேண்டும் என்று குழம்பியிருக்கிறார். இரண்டாமவரை நோணாங்குப்பத்தில் படகேற்றிக் காயலைச் சுற்றிக்காட்டப் போய், அவருக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம். மூன்றாமவர் நாராயணசாமி. அவருக்குத் தனிஸ்லாஸின் மனைவி ரோசா, நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வறுத்து அனுப்பினாள். நாராயணசாமி நாமக்கார வீட்டுப் பிள்ளை, வெங்காயம்கூடச் சேர்க்காதவர். தனிஸ்லாஸ் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தட்டைத் திரும்ப எடுத்துவந்து தாமே சாப்பிட்டார். போதாததற்கு ஒவ்வொரு ஆபீசரின் தாயாருக்கும் மாதம் ஒரு கடிதம் போடுவார்: 'தங்கள் குமாரர் இளைக்கவில்லை.'

அப்படியும் ஒரு சனிக்கிழமை நாராயணசாமியின் பெட்டி கூரைமேல் ஏறியது. அன்றைக்குத்தான் தனிஸ்லாஸ், முந்தைய இருவரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"என்னா கொறை வச்சோம், சொல்லிட்டுப் போங்க சார்."

"ஒரு குறையும் இல்லை சார். ஆனா நான் ஜனங்களோட பேசறதுக்குப் படிச்சவன். இங்க வந்து ஆறு மாசமா பாரம்தான் பூர்த்தி பண்ணிண்டிருக்கேன். எதிர்ல ஒருத்தன் அழுதா, பின்னால பத்துப் பேர் நின்னு வேடிக்கை பார்க்கறா. அவன் எங்கிட்ட என்னத்தைச் சொல்வான்?"

பஸ் போன பிறகும் தனிஸ்லாஸ் அங்கேயே நின்றாராம். "அடிச்சாப்பல இருந்துச்சிய்யா. மீனு, படகு, காத்துன்னு நான் பாட்டுக்கு அலைஞ்சிருக்கேன். படிச்ச வேலையச் செய்ய விடல பாரு" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நாலாவது ஆளும் வருஷம் முடிவதற்குள் போனால் பதவியே ரத்து.

நாலாவதாக வந்தவள் ஜெயம். இருபத்தாறு வயசு, வேகமான நடை. அவள் வருவதற்கு முதல் நாள் தனிஸ்லாஸ் தம் அறையைக் காலி செய்தார். அந்தக் கட்டடத்தில் கதவு சாத்தக்கூடிய அறை அது ஒன்றுதான். மேஜையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பாரங்கள் மூன்று பிரதிகளையும் இனித் தாமே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். நான் போனபோது, வேப்பம்பூ உதிர்ந்த தாள்களை ஊதி ஊதித் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன முசியே, வெளியில?"

"உள்ள கன்னியப்பன் பேசறான். எனக்கு அங்க என்னா வேல?"

கன்னியப்பன் சேதராப்பட்டுக்காரன். பஞ்சாலை இயந்திரத்தில் இடது கை மணிக்கட்டோடு போனவன். முன்பு ஒரு தடவை அதே ஆலையின் வாசல் காவலுக்கு அனுப்பினார்கள். கூட வேலை செய்தவர்கள் தினமும் கையைப் பார்த்துப் பார்த்துப் போகிறார்கள் என்று பதினைந்தே நாளில் விட்டுவிட்டான். ஜெயம் அவனோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். நெசவில் எங்கே பிசகு விழும், எதனால் விழும் என்று மூன்றாம் நாள் அவன் மணிக்கணக்காகச் சொன்னான். அவள் வேறோர் ஆலைக்கு அவனை அழைத்துப் போனாள். ஓடுகிற துணியைப் பார்த்துப் பழுதுக்குச் சாக்குக்கட்டியால் கோடு போடும் மேஜையில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் விட்ட ஐந்து பழுதை அவன் காட்டினான். வேலை கிடைத்துவிட்டது.

சைக்கிளில் ஒற்றைக் கையால் வந்து இறங்கியவன் வராந்தாவில் சிரித்துக்கொண்டு நின்றான். "முசியே, அந்தம்மா எனக்கு ஒரு யோசனையும் சொல்லல. எல்லாத்தையும் நானேதான் சொன்னேன்!"

தனிஸ்லாஸ் அதைத் தெருவில் போகிற எல்லோரிடமும் சொன்னார்.

எட்டாவது மாசம் ஜெயத்துக்கு மதராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, வேறு வேலைக்கு அழைப்பு. முதல் ஆபீசருக்கு இப்படி வந்தபோது, அதை நாலு நாள் இழுப்பறையில் பூட்டிவைத்து, பிறகு மனசு உறுத்தி மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர் இவர். இந்தத் தடவை கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தார்.

"நல்ல எடம்மா. போறதுன்னா சொல்லு, நல்ல சர்டிபிகேட்டு நானே அடிச்சித் தரேன்."

ஜெயம் படித்தாள், மடித்தாள். "சார், இங்க ஒரு கஷ்டம் இருக்கு."

"சொல்லும்மா" என்றார்.

"நான் ஒருத்தியே பார்த்தா முடியலை. வராந்தாவுல நாப்பது பேர் காத்திருக்காங்க. என்கூடப் படிச்ச கமலா சும்மாத்தான் இருக்கா. எழுதிப் போட்டா வருவா. கதவு இருக்குன்னு சொன்னாலே போதும்."

அன்று மாலை ரோசா பாயசம் வைத்தாள். நானும் குடித்தேன். பாயசமானதால் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

போன வாரம் நான் இங்கிலீஷ் மிஷினுக்கு நாடா மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. கமலாவுக்காகக் கேட்டிருந்த இரண்டாவது பதவியைக் கொடுக்கலாமா என்று பார்க்க மேலதிகாரி வந்திருந்தார். மேலிடத்திலிருந்து டெலிபோன் வந்தாலே எழுந்து நின்று பேசுகிறவர் தனிஸ்லாஸ். அதிகாரி சாத்தியிருந்த கதவை நோக்கி நேராக நடந்தார். உள்ளே, வேலை கேட்டு வந்திருந்த கால் வராத குஞ்சம்மாள் ஏதோ சொல்லிவிட்டு, கடகடவென்று சிரித்தாள். கூடவே ஜெயமும் சிரிப்பது கேட்டது. அதிகாரியின் கை கதவுக்கு நீண்டது.

தனிஸ்லாஸ் குறுக்கே வந்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்து வராந்தா பெஞ்சைத் துடைத்து, ஓரமாக உட்கார்ந்து, அதிகாரிக்கு இடம் விட்டார்.