கன்னியம்மா சொன்னதை அப்படியே சொன்னவள்

டெல்லியிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு முதல் நாள் மதியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளைக்குப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ரமாபாய்க்கு அந்த போன் வந்தது.

அப்போது அவள் எண்ணூரில் தான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்தாள். பேசியவர் கிருஷ்ணப்பன் என்ற அரசு அதிகாரி. இந்தியாவும் ஜப்பானும் சென்னையில் மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்துகின்றன, வியாபாரம், கடல் பாதுகாப்பு, சுற்றியுள்ள நாடுகளின் நிலவரம் எல்லாம் பேசப்படுகிறது, ஜப்பானிய மொழி வகுப்பில் உங்கள் பெயரைச் சொன்னார்கள், மீதி இரண்டு நாளும் மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டார். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

முப்பத்து நான்கு வயது ரமாபாய்க்கு எதிலும் நிலைகொள்ளாத சுபாவம். பஸ் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துவிடுவாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பீம்ராவ் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். அம்பேத்கரின் மனைவி பெயரை மகளுக்கு ஆசையாக வைத்தார். பாலிடெக்னிக்கில் முதல் நாள் "ஸ்கேலு எங்க கீது?" என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ் என்று ஆகிப்போனது.

ஜப்பானிய மொழி வந்த கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜப்பானியப் பயிற்சியாளர் இயந்திரத்தைக் காட்டி நாலு நிமிஷம் பேசுவார். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர், "கவனமா இருங்கன்றாரு" என்று முடித்துவிடுவார். மீதி மூன்றே முக்கால் நிமிஷம் எங்கே போயிற்று? அது அவளைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். ஆறு வருஷம் விடாமல் போய்ப் பெரிய பரீட்சை வரைக்கும் தேறிவிட்டாள்.

போன் வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீள மேசையில் இரு தரப்பும் உட்கார்ந்தார்கள். இந்தியத் தரப்பு ஆங்கிலத்தில் பேசியது. ஜப்பானியக் குழுவின் தலைவர் நிஷிமுரா, அறுபதை நெருங்கியவர், அதிகம் வாய் திறக்காதவர். எண்ணூர் கழிமுகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சரக்கு முனையம் கட்டுவது பற்றித்தான் பேச்சு. அலையைத் தடுக்க நீளமாக ஒரு சுவர் வரும். அதன் உள்பக்கம் வியாபாரக் கப்பல்களும் நிற்கலாம், ரோந்துக் கப்பல்களும் நிற்கலாம்.

இந்தியத் தரப்பின் ஒரு கோரிக்கைக்கு ஜப்பானியர் ஒருவர், "அதை முன்னோக்கிப் பரிசீலிக்கிறோம்" என்றார். ரமாபாய் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். டெல்லி அதிகாரிகள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். தொழிற்சாலையில் ஜப்பானியர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்றுதான் அவளுக்கு அர்த்தம். சொல்லைச் சரியாகத்தான் சொன்னோம், பொருளைச் சொன்னோமா? கேட்க ஆளில்லை. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அவள் மனசு மட்டும் அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மதியம் இரண்டு வேன்களில் இடத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, வேன் ஊர்ந்து போய் முகத்துவாரக்குப்பத்தில் நின்றது. கிருஷ்ணப்பன் அங்கே நான்கு பேரை ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் மாலை போட்டார்கள், "திட்டம் வரட்டும்" என்றார்கள். நிஷிமுரா வணங்கினார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகச் சரிவில் இறங்கித் தண்ணீர் ஓரத்துக்கு நடந்தார்.

அங்கே இடுப்பளவுத் தண்ணீரில், கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பிடித்த இறாலைப் போட ஓலைப்பறி கழுத்தில் தொங்கியது. கன்னியம்மா என்று பெயர். இன்று என்ன கிடைத்தது என்று கேட்கச் சொன்னார் நிஷிமுரா. ரமாபாய் கேட்டாள். அந்தக் குரலில் வீட்டுத் தமிழின் சாயல் கன்னியம்மாவுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

"நீ எந்தூரு பொண்ணு?" என்றாள் கன்னியம்மா.

"வியாசர்பாடிக்கா."

"அப்ப நம்ம பொண்ணுதான். சொல்லு அவராண்ட. காலைலேர்ந்து தடவிகினு கீறேன், ரெண்டு பிடி எறாதான் மாட்டுச்சி. அத்த வுடு. இங்க செவுரு கட்டப் போறாங்களாமே, அது நெசந்தானா?"

"ஆமாக்கா."

கன்னியம்மா கரையேறி வந்தாள். புடவையைப் பிழிந்துவிட்டு நேராக நிஷிமுராவைப் பார்த்தே பேசினாள். "நைனா, ஒங்க ஊரும் எங்க ஊரும் தோஸ்துன்றாங்கோ. நல்லதுதான், இருந்துட்டுப் போங்கோ. ஆனா நீங்க காட்டுற எடத்துல செவுரு வந்தா ஆத்து வாயில மண்ணு சேந்து அடைச்சிக்கும். இப்பவே பங்குனி வந்தா அடைச்சிக்குது, நாங்கதான் மம்முட்டி எடுத்துகினு போயி வெட்டி வுடறோம். வாய் மூடிட்டா படகு கடலுக்குப் போற வயி இல்ல. தண்ணி உள்ள வராது. எறா வராது. படகுக்காரனும் போச்சி, நானும் போச்சி. இத்த யாரும் எங்களாண்ட வந்து கேக்கல. கேட்டுட்டு வரையணும்ல படம்?"

கிருஷ்ணப்பன் ரமாபாயின் பக்கம் சாய்ந்தார். "மேடம், சுருக்கமா முடிச்சிடுங்க. மீன்பாடு குறைஞ்சிருக்கு, ஆனா திட்டத்தை வரவேற்கிறாங்கன்னு சொன்னாப் போதும்."

அந்த இடத்தில் தமிழும் ஜப்பானியமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிஷிமுரா காத்திருந்தார். ஒரு கணம் அந்தச் சுருக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

பிறகு அவள் கன்னியம்மா ஆரம்பித்த இடத்திலிருந்தே ஆரம்பித்தாள். காலையில் ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்தது. இதில் அந்தப் பாடில்லை. ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். கன்னியம்மா போன வழியிலேயே போக முடிந்தது. 'நைனா'வுக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். 'தோஸ்து'க்கு 'தொமோதாச்சி' என்றாள். மண்வெட்டி, பங்குனி, மூடிக்கொள்ளும் வாய், யாரும் கேட்காதது, எல்லாவற்றையும் சொன்னாள்.

நிஷிமுரா மணலில் குந்தி உட்கார்ந்தார். எத்தனை படகுகள், எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம், மண் எந்தப் பக்கத்திலிருந்து சேருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கன்னியம்மா குச்சியால் மணலில் கோடு கிழித்துக் காட்டினாள். அவர் தன்னுடன் வந்த பொறியாளரைத் திரும்பிப் பார்த்து, "இது நம் வரைபடத்தில் இருக்கிறதா?" என்றார். பொறியாளர் தலைகுனிந்தார்.

வேனில் கிருஷ்ணப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஜப்பானியம் தெரியாவிட்டாலும் வரவேற்பைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது என்பது தெரியும்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சீங்க?"

"அவங்க சொன்னதைச் சொன்னேன் சார்."

"ரெண்டு வருஷமா இதுக்கு அலையறேன் மேடம். முனையம் வந்தா நாலாயிரம் பேருக்கு வேலை. உங்க வியாசர்பாடிப் பசங்களும் அதுல இருப்பாங்க. தள்ளிப்போனா அவங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் அவளை வீடு வரைக்கும் துரத்தியது.

வீட்டில் அப்பா பீம்ராவ் எல்லாவற்றையும் கேட்டார். "ஆபீசர பகைச்சிகினியா?" என்றார். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "அந்த அம்மா சொன்னது ஒண்ணுவுடாம சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேம்பா."

"செரி, சாப்புடு."

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிடவில்லை. வேறு ஆள் வந்துவிட்டார் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தொழிற்சாலையில் கை வேலை செய்தாலும் கண் அடிக்கடி செல்போனுக்கே போனது. சாயங்காலம் கூட்டறிக்கை வெளியானது. நாற்பத்திரண்டு பத்திகள். முப்பத்தொன்றாவது பத்தியின் கடைசி வரி: அருகிலுள்ள மீனவர்களின் படகுப் போக்குவரத்தைக் கருத்தில் கொண்டு மேலும் ஆய்வு செய்ய இரு தரப்பும் இசைந்தன.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து முகத்துவாரக்குப்பம் போய் அந்த வரியைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"ஆய்வுன்னா இன்னா? வயி வுடுவாங்களா, மாட்டாங்களா?"

"தெரிலக்கா. மெய்யாலுமே தெரில."

கன்னியம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது போலிருந்தது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள்.

ஆடி மாதம் கழிமுகத்தின் ஆழத்தை அளவெடுக்க ஜப்பானிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மொழிபெயர்க்க ரமாபாய்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கன்னியம்மாவின் தம்பி பக்தவச்சலத்தின் படகில் நான்கு நாள் போனாள். காற்று மாதம், கடல் அலைக்கழித்தது. இரண்டு நாள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாந்திக்கு நடுவிலும் ஆழக் கணக்குகளைத் தமிழிலும் ஜப்பானியத்திலும் சொன்னாள்.

தை மாதம் புதிய வரைபடம் வந்தது. சுவர் நானூறு மீட்டர் வடக்கே நகர்ந்திருந்தது. படகுகளுக்கு வழி கிடைத்துவிட்டது, பக்தவச்சலம் குப்பத்துக்கே லட்டு வாங்கிக் கொடுத்தான். ஆனால் சுவரோடு சேர்ந்து சரக்கு லாரிகளுக்கான சாலையும் நகர்ந்திருந்தது. கன்னியம்மாவும் இன்னும் முப்பது பெண்களும் இறால் தடவும் ஆழமில்லாத மூலை அந்தச் சாலைக்கு அடியில் போகும்படி இருந்தது.

கன்னியம்மா வரைபடத்தில் அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "படகுக்கு வயி வந்துச்சி. பொம்பளைங்க கை போச்சி" என்றாள்.

அன்றைக்கு ரமாபாய் ஏதாவது விட்டுவிட்டாளா? ஒவ்வொரு வாக்கியமாக நினைத்துப் பார்த்தாள். படகைப் பற்றித்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே கிருஷ்ணப்பனிடமிருந்து போன் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள், நிஷிமுரா வருகிறார் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்தத் தடவை முழுசாவே சொல்லிடுங்க மேடம். பாதி சொன்னா மறுபடியும் ஒரு வருஷம் போயிடும்" என்றார்.

கூட்டத்தில் கன்னியம்மா பதினோரு நிமிஷம் பேசினாள். எந்த மூலையில் எந்த மாதம் இறால் ஒதுங்கும், வெறுங்கையால் சேற்றுக்குள் எப்படித் தடவுவது, எந்தெந்த வீட்டுப் பெண்கள் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரமாபாய் பக்கத்தில் நின்று அவ்வளவையும் சொல்லி முடித்தாள். நிஷிமுரா நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கடைசியில், "இதை முன்னோக்கிப் பரிசீலிக்கிறோம்" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் கன்னியம்மா.

"யோசிக்கிறோம்ன்றாருக்கா. வெறும் யோசிக்கிறோம்னு சொன்னா நெறைய தபா நடக்காது. எப்போ முடிவு சொல்லுவாருன்னு தேதி கேளுங்க."

கன்னியம்மா மைக்கை மறுபடியும் வாங்கினாள்.