பவுடர் பூசாத காலைகள்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தட்டில் ஒரு பவுடர் பேணி இருக்கிறது. தகரப் பேணி. மூடியில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள்; மூடியைத் திருப்பினால் 'கரக்' என்று சத்தம் போடும். பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டவுடன் "பெரியம்மா எழும்பிட்டா" என்று கட்டிலிலிருந்து குதித்து ஓடுவீர்கள். அவர் முகத்துக்கும் கழுத்துக்கும் அக்குளுக்கும் பூசிவிட்டு, உங்கள் மூக்கு நுனியிலும் ஒரு தட்டுத் தட்டிவிடுவார். பீல் நகரிலிருந்து எங்களிடம் வரும்போது அவர் பாவிப்பதற்கென்று அம்மா வாங்கி வைத்த பேணி அது. பிறகு அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

உங்கள் பெரியம்மா பவுடர் பூசாமல் வாசற்படி தாண்டமாட்டார். மணிக்கூடு பொருத்தும் பக்டரியில் அவருக்கு வேலை. அங்கே தூசு ஆகாது, பவுடர் ஆகாது. அதனால் வேலை இல்லாத நாட்களில் இரட்டிப்பாகப் பூசுவார். நான் பகிடி விடுவேன். "அக்கா, வெளியிலை கொட்டுற பனி காணாதெண்டோ உள்ளுக்கும் கொட்டுறியள்?" அவர் விடமாட்டார். "நீர் சாமான் கிடங்கிலை பெட்டி தூக்கிற ஆள் தம்பி. உமக்கு வாசம் எங்கை விளங்கப்போகுது?" அம்மா சமையலறையிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். அப்படி ஒரு வீடாக இருந்தது அது.

அவரைப் பற்றி ஒரு குறையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மம்மா இறந்துபோனார். பெரியம்மா அப்போது குமர்ப்பிள்ளை. தங்கையைத் தூக்கி வளர்த்தது அவர்தான். சுவிசுக்கு முதலில் வந்து, பிறகு தங்கைக்கு மாப்பிள்ளை தேடியதும் அவர்தான். எங்கள் கலியாணத்தில் தாயின் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்ததும் அவரும் பெரியப்பாவும்தான். அகதி முகாமிலிருந்து வந்த, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒருவனை நம்பித் தங்கையைக் கொடுத்தவர் என்று நான் அவரைத் தலைக்கு மேலே வைத்திருந்தேன்.

வருடத்தில் ஒருமுறை, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், அவர் தனியாக வருவார். சூரிச்சில் ஒரு அலுவல் என்பார். பின்னேரம் எங்கள் ஊரான டீட்டிகோனில் வந்து இறங்கி, எங்களோடு சாப்பிட்டு, படுத்து எழும்பி, காலையில் முதல் ஆளாகக் குளிப்பார். அந்த ஒரு நாளில் மட்டும் 'கரக்' சத்தம் கேட்காது. முகம் வெறிச்சென்று, எண்ணெய் பூசாத தலைபோல இருக்கும். ஒருமுறை நான் கேட்டும் விட்டேன். "என்ன அக்கா, இண்டைக்குப் பவுடர் மறந்திட்டியள்?" அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "அலுவலுக்குத்தானே தம்பி போறன், பொம்பிளை பார்க்கவோ போறன்?" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் திரும்பி வந்து, வந்த கையோடு குளியலறைக்குள் போய், இரண்டு நாளுக்குரியதைப் பூசிக்கொண்டு வெளியே வருவார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மனிதருக்கு எத்தனையோ விதமான அலுவல்கள்.

இனி மற்றக் கதையைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நாற்பது வயது ஆகும் நேரம், மார்பில் ஒரு குத்து வந்து போனது. பெண்கள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அப்போது டொச், அதாவது ஜேர்மன் மொழி, பேசக் கூச்சப்படுவார். என் டொச் முறிந்த டொச் என்றாலும் காரியம் நடக்கும். மருத்துவர் கையால் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை, தசை நோவு என்றார். பிறகு சில கேள்விகள் கேட்டார். ஒருவருக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை முதலில் கேள்விகளால்தான் அளக்கிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. எந்த வயதில் பெரியபிள்ளையானீர்கள், எத்தனை பிள்ளைகள், பால் கொடுத்தீர்களா. பிறகு, தாய்க்கோ, சகோதரிக்கோ, தாயின் சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்ததா?

நான் தமிழில் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "இல்லை. அம்மா நெருப்புக் காய்ச்சலிலை செத்தவ." நான் டொச்சில் சொன்னேன்: இல்லை, யாருக்கும் இல்லை. மருத்துவர் தலையாட்டினார். அப்படியானால் இப்போதைக்கு மார்பைப் படம் எடுக்கத் தேவையில்லை, ஐம்பது வயதில் தொடங்கலாம், இடையில் ஏதும் மாற்றம் தெரிந்தால் வாருங்கள் என்றார். நாங்கள் சந்தோசமாக வீட்டுக்கு வந்தோம். வழியில் கோப்பி குடித்தோம்.

அன்று பின்னேரமே அம்மா பீலுக்குப் போன் எடுத்தார். எனக்கு நல்ல ஞாபகம், ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, டொக்டர் ஒண்டு கேட்டவர். எங்கடை அம்மாவுக்கு மார்பிலை ஏதும் வருத்தம் இருந்ததோ?" பெரியம்மாவின் குரல் வந்தது. "சீ, உனக்கென்ன விசரோ? அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல். நான்தானே பக்கத்திலை இருந்தனான்." அதற்குப் பிறகு இருவரும் உங்கள் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவின் மகளுக்கு, ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த சம்பந்தத்தைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

சில வருடங்களுக்குப் பிறகு, அம்மா குளிக்கும்போது இடது பக்கத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, நோவே இல்லை. நோகாத கட்டிதானே என்று கொஞ்ச நாள் சொல்லாமல் இருந்துவிட்டார். பிள்ளைகளே, இதை நன்றாகப் படியுங்கள்: நோகவில்லை என்பது ஒரு ஆறுதலும் இல்லை.

மார்பைப் படம் எடுக்கும் இடத்துக்கு நானும் போனேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே இருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தில் பயத்தோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் இருந்தது. "இரண்டு தட்டுக்கு நடுவிலை வைச்சு றொட்டி மாதிரி அமத்துறாங்கள். அதுக்கு முதல் ஒரு வெக்கக்கேடு. அந்தப் பெட்டை ஈரத்துணியைத் தந்து அக்குளைத் துடைக்கச் சொல்லிப்போட்டாள். பவுடர் பூசிக்கொண்டு வரக்கூடாதாம். படத்திலை வெள்ளைப் புள்ளியாய் விழுமாம், வருத்தத்தின்ரை புள்ளி எது, பவுடர் எது எண்டு தெரியாதாம்."

அம்மா சொல்லிக்கொண்டே கோட்டைப் போட்டார். நான் எழும்பவில்லை. என் காதில் அந்த 'கரக்' சத்தம் கேட்காத காலைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அம்மா என் முகத்தைப் பார்த்தார். கோட்டின் ஒரு கை போட்டபடி, மற்றக் கை வெளியே தொங்கியபடி, அப்படியே நின்றார். "அக்கா..." என்றார்.

சத்திரசிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டோம். இடது மார்பை எடுத்துவிட்டார்கள், அக்குளிலும் பரவியிருந்தது. பெரியம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டு பீலிலிருந்து வந்திருந்தார். கோப்பையில் ஊற்றித் தங்கைக்குப் பருக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். "அக்கா, வருசத்திலை ஒருக்கால் நீங்கள் பவுடர் பூசாமல் போற அலுவல் என்ன?"

அவர் கோப்பையை வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், என்னைப் பார்க்காமல், சூப்பைப் பார்த்து. அம்மம்மாவுக்கு இருந்தது மார்புப் புற்றுநோய்தான். சண்டைக் காலம், பாதை பூட்டு, மருந்து இல்லை. மூத்த மகளான இவர்தான் புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார். இறந்தபோது அம்மம்மாவுக்கு நாற்பது வயதுதான். இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் ஒருவரும் கட்டமாட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. அது அந்தக் காலம், அந்தப் பயம். ஆனால் இங்கே வந்த பிறகு பெரியம்மா தன் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர்களும் இளவயதிலேயே வருடா வருடம் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பீலில் எடுத்தால் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் எங்கள் ஆட்களில் யாராவது காண்பார்கள் என்று சூரிச்சுக்கு வந்திருக்கிறார். தன்னைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது.

"என்ரை பெட்டைக்குப் பேச்சுக்கால் நடந்தது தம்பி. இவளுக்குச் சொன்னால் இவள் உமக்குச் சொல்லுவாள். நீர் ஆரிட்டையாவது கதைப்பீர். பரம்பரை வருத்தம் எண்டு தெரிஞ்சால் அந்த இடம் குழம்பியிருக்கும்."

அம்மா அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு வருசமும் என்ரை வீட்டிலை படுத்து எழும்பித்தானே அக்கா போனனீங்கள். என்ரை துவாயிலைதானே முகம் துடைச்சனீங்கள்."

சூப் ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை.

அன்று மருத்துவரிடம் உண்மை போயிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று நான் பிறகு கேட்டேன். மருத்துவர் நல்ல மனிதர். உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். ஆனால் படம் எடுப்பதை அன்றைக்கே தொடங்கியிருப்பேன் என்றும் சொன்னார். அந்த ஒரு வசனத்தை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. அந்தப் பொய்யை யார் உண்டாக்கினாலும், மருத்துவரின் மேசைக்கு அதைக் கொண்டுபோய் வைத்தது என் வாய்தான். தெரியாமல் சுமந்தேன். நம்பிய ஒருவர் என் தலையில் ஏற்றிவிட்ட சுமை அது.

அம்மா பிழைத்துவிட்டார். தலைமயிர் திரும்ப வளர்ந்தது, முன்பு இல்லாத சுருளோடு. பெரியம்மாவோடு மீண்டும் கதைக்கவும் தொடங்கிவிட்டார். வளர்த்த கை, நான் தடுக்கமாட்டேன். நான் கதைக்கவில்லை. பீலுக்குப் போகவும் இல்லை. "அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று நீங்கள் இருவரும் உங்களுக்குள் கதைப்பது எனக்குத் தெரியும். இதுதான் காரணம்.

ஒரேயொரு முறை நானாகப் போன் எடுத்தேன். பீலில் உங்கள் அக்காவுக்குக் கலியாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. சம்பந்தம் குழம்பும் என்ற பயத்துக்கு இனி வேலை இல்லை. அப்படியும் அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று அம்மா வாய் தவறிச் சொன்னார். சின்னம்மாவான உங்கள் அம்மாவின் வருத்தம் தெரியும். அம்மம்மாவின் கதை தெரியாது, தன் தாய் வருடா வருடம் படம் எடுப்பது தெரியாது. நான் பெரியம்மாவிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "மாமியார் பொல்லாத மனுசி தம்பி. தெரிஞ்சால் காலம் முழுக்கக் குத்திக் காட்டுவா." நான் சொன்னேன். "நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன். இன்னொரு மருத்துவரின்ரை மேசையிலை இன்னொரு பொய் போகக்கூடாது."

அவர் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம், தாய் வந்து இறங்கும் அதே ரயிலில், உங்கள் அக்கா வந்து இறங்கினாள். அடுத்த நாள் காலையில் படம் எடுக்கும் இடத்தில் அவளுக்கு நேரம் குறித்திருந்தார்கள். தாயைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நீங்கள் இருவரும் அன்று உங்கள் படிப்பிடத்தில் இருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் இடியப்பத்தைப் பிய்த்தபடி இருந்தவள், திடீரென்று கேட்டாள். "சித்தப்பா, சின்னம்மாவுக்கு வாறதுக்கு முதலே அம்மம்மாவின்ரை வருத்தம் அம்மாவுக்குத் தெரியுமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் சொன்னேன். "ஓம் பிள்ளை. தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்காண்டியோ மறைச்சவ?" என்றாள்.

அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயில் வரவைத்ததற்காகத்தான் பெரியம்மாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா எழும்பிப் போய், அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "நீ என்னடி செய்தனி? சாப்பிடு" என்றார்.

உங்களையும் ஒரு நாள் மருத்துவர் கேட்பார். மகளே, உன்னை நிச்சயம் கேட்பார். மகனே, இது ஆண்களின் பக்கத்தாலும் போகும், உன்னையும் கேட்கலாம். அப்போது சொல்லுங்கள்: அம்மம்மாவுக்கு இருந்தது, நாற்பது வயதில் இறந்தார். அம்மாவுக்கு இருந்தது, நாற்பத்தைந்துக்கு முன்பே வந்தது. டொச்சில் சொல்லுங்கள், பிரெஞ்சில் சொல்லுங்கள், தலையைக் குனியாமல் சொல்லுங்கள். கலியாணம் பேசி வருகிற வீட்டுக்கும் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழும்பிப் போகிறவர்கள் போகட்டும். வாசல் வரை நானே கூட்டிக்கொண்டு போய் வழியனுப்புவேன்.

அடுத்த நாள் காலையில் உங்கள் அக்கா முதல் ஆளாகக் குளித்தாள். நான் சமையலறையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. தாயின் பழக்கம் அவளுக்கும் இருக்கிறது. கை தானாகத் தட்டுக்குப் போனது. 'கரக்' என்று மூடி திரும்பியது.

அம்மா கதவடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய், அவளுடைய கையிலிருந்த பேணியை மெதுவாக வாங்கி, மூடியைத் திருப்பி மூடினார்.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. போயிட்டு வந்து பூசலாம்."

இவ்வளவுதான். அந்த இரண்டு வசனங்களைத் தங்கையிடம் சொல்ல, பெரியம்மாவுக்கு எத்தனையோ காலைகள் கிடைத்தன.